சர்ட்டும் கீயும் ஒட்டலையா? முதல்ல எதை ஹேஷ் பண்ணீங்கன்னு பாருங்க

தை மாசம் சம்பா அறுப்பு நடக்கிற நேரம், மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுலேர்ந்து காலைல ஆறு மணிக்கு போன். "தம்பி, ஆப்பு தொறக்குது, ஆனா உள்ள போக மாட்டேங்குது, களத்துல நெல்லு கொட்டிக் கெடக்கு, பசங்க மூட்டைக் கணக்கு ஏத்த முடியாம உக்காந்திருக்கானுங்க." நான் கும்பகோணத்துல சின்னதா ஒரு கடை வச்சுகிட்டு லாட்ஜ், பாத்திரக்கடை, ஆடிட்டர் ஆபீஸ், மில்லுன்னு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சர்வர் பாத்துக் குடுக்கிற ஆளு. அன்னைக்கு அந்த ஒரு பிரச்சனையில ரெண்டு மணி நேரம் வீணாப் போச்சு, காரணம் ஆப்பும் இல்ல சர்வரும் இல்ல, நான் ஒரு பக்கம் ஒண்ணை ஹேஷ் பண்ணி இன்னொரு பக்கம் வேற ஒண்ணை ஹேஷ் பண்ணி ரெண்டையும் வச்சு முழிச்சிட்டு இருந்ததுதான். அந்தக் கதை கடைசில வருது. ஹேஷ்னா ஒரு ஃபைலைப் பிழிஞ்சு எடுக்கிற கைரேகை மாதிரி ஒரு நம்பர், ஃபைல்ல ஒரு எழுத்து மாறினாலும் நம்பர் மாறிடும். அதுக்கு முன்னாடி இந்த ஹேஷ் சமாச்சாரத்துல வழக்கமா வர்ற கோளாறை எல்லாம் ஒவ்வொண்ணா எழுதி வச்சிடறேன், நம்ம கடைப் பையனுக்கும் இதையேதான் காட்டுவேன்.

ஒரு விஷயம் மட்டும் மண்டையில ஏறணும். குறுவை செலவுக்கு நகையை சொசைட்டில வைக்கிறோம்ல, வருஷம் முடிஞ்சா வட்டியைக் கட்டி திருப்பி வைக்கிறோம். ரசீது புதுசு, நம்பர் புதுசு, தேதி புதுசு, உள்ள இருக்கிற சங்கிலி மட்டும் அதே சங்கிலி. சர்ட்டிபிகேட்டுங்கிறது (சுருக்கமா சர்ட்) அந்த ரசீது மாதிரி, அதுல டொமைன் பேரு, தேதி, சீரியல் நம்பர், குடுத்தவனோட கையெழுத்து எல்லாம் இருக்கும், கூடவே பப்ளிக் கீயும் இருக்கும். சங்கிலிங்கிறது கீ, அது ஜோடியா வரும்: வெளில காட்டுற பப்ளிக் கீ ஒண்ணு, சர்வர்ல ரகசியமா இருக்கிற பிரைவேட் கீ ஒண்ணு. ரசீதை ஹேஷ் பண்ணா ஒரு நம்பர் வரும், சங்கிலியை ஹேஷ் பண்ணா வேற நம்பர் வரும். பாதிப் பேரு ரசீதை ஹேஷ் பண்ணிட்டு சங்கிலி மாறிப்போச்சுன்னு கத்துறாங்க.

ஒப்பிடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு கொண்டு வாங்க

எல்லாமே ஓபன்எஸ்எஸ்எல்ங்கிற டூலோட கமாண்டுதான், தமிழ் எழுத்துலயே சொல்றேன், டெர்மினல்ல அடிக்கிறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

சர்ட்டுக்கு: ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509, அப்புறம் -இன் போட்டு ஃபைல் பேரு, -பப்கீ, -நோஅவுட். அதோட அவுட்புட்டை பைப் போட்டு ஓபன்எஸ்எஸ்எல் பிகீ -பப்இன் -அவுட்ஃபார்ம் டெர், அதையும் பைப் போட்டு ஓபன்எஸ்எஸ்எல் டிஜிஎஸ்டி -ஷா256.

பிரைவேட் கீக்கு: ஓபன்எஸ்எஸ்எல் பிகீ -இன் ஃபைல் பேரு -பப்அவுட் -அவுட்ஃபார்ம் டெர், அப்புறம் அதே டிஜிஎஸ்டி. சிஎஸ்ஆருக்கு (சர்ட் கேட்டு அனுப்புற விண்ணப்பம்) எக்ஸ்509க்கு பதிலா ரெக்னு போட்டா போதும், மத்தது சர்ட்டுக்கு செஞ்ச மாதிரியே.

இப்ப மூணுலேர்ந்தும் வர்றது பப்ளிக் கீயோட டெர்ங்கிற பைனரி வடிவம், எந்த அல்காரிதம்ங்கிற தகவலும் கீயும் சேர்ந்த ஒரு பொட்டலம், எஸ்பிகேஐன்னு சொல்லுவாங்க. இதோட ஷா256 மூணுலயும் ஒண்ணா இருந்தா மூணும் ஒரே ஜோடி. பிரைவேட் கீக்குள்ளயே பப்ளிக் கீ எடுக்கத் தேவையானது இருக்குங்கிறதாலதான் இந்த வித்தை நடக்குது, திருப்பி சர்ட்டுலேர்ந்து பிரைவேட் கீயை எடுக்க முடியாது, அப்படி யாராவது எடுத்துத் தர்றேன்னு காசு கேட்டா ஓடிப்போயிடுங்க.

"கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்"னு சொல்லிட்டு என்ஜின்எக்ஸ் ஸ்டார்ட் ஆகல

என்ஜின்எக்ஸ், அப்பாச்சி ரெண்டும் வெப் சர்வர் சாஃப்ட்வேர். அப்பாச்சின்னா லாக்ல ஏஎச்02565னு ஒரு கோடு வரும், சர்ட்டும் பிரைவேட் கீயும் பொருந்தலன்னு. ரெண்டும் ஒரே நோய்தான்.

மேல சொன்ன மாதிரி ரெண்டு ஹேஷ் எடுங்க. வேற வேறயா இருந்தா உடனே கீ தொலைஞ்சு போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, முதல்ல சர்ட் ஃபைலை எடிட்டர்ல தொறந்து பாருங்க. ஒரே ஃபைல்ல நம்ம சர்ட்டு, நமக்கு கையெழுத்துப் போட்ட சான்றிதழ் நிறுவனத்தோட இன்டர்மீடியட் சர்ட்டு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டியிருக்கும், அதுல நம்மோடது முதல்ல இருக்கணும். மாத்தி ஒட்டிட்டா என்ஜின்எக்ஸ் முதல்ல இருக்கிற இன்டர்மீடியட்டை எடுத்து நம்ம கீயோட பொருத்திப் பாக்கும், பொருந்தாது, பொருந்தவும் கூடாது. ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 கமாண்டும் அப்படித்தான், ஃபைல்ல பத்து சர்ட் இருந்தாலும் முதல் சர்ட்டை மட்டும்தான் படிக்கும். கூட -சப்ஜெக்ட்னு ஒரு ஆப்ஷன் போட்டுப் பாருங்க, உங்க டொமைன் பேரு வராம ஏதோ சான்றிதழ் நிறுவனத்துப் பேரு வந்தா ஒட்டுனது தலைகீழ். எனக்கு வர்ற மிஸ்மேட்ச் கேஸ்ல பாதிக்கு மேல இதுதான்.

வரிசை சரியா இருந்தும் ஹேஷ் ஒட்டலன்னா, சிஎஸ்ஆர் எத்தனை தடவை போட்டீங்கன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் புது கீ உருவாக்குற கமாண்டை அடிச்சிருப்பீங்க, சர்ட் வந்தது முதல் சிஎஸ்ஆருக்கு, சர்வர்ல கெடக்கிறது மூணாவது கீ. சர்வர்ல இருக்கிற எல்லா கீ ஃபைலையும் ஒரு லூப் போட்டு ஹேஷ் எடுத்து சர்ட்டோட ஹேஷோட பாருங்க, ஹோம் ஃபோல்டர், டவுன்லோட்ஸ், பழைய பேக்கப்னு எதையும் விடாதீங்க. சுவாமிமலைல வெங்கலச் சிலை விக்கிற ஒருத்தருக்கு கீ கெடைச்சது எங்கன்னா அவர் பையனோட லேப்டாப்ல ரீசைக்கிள் பின்ல.

எங்கயுமே கிடைக்கலன்னா கையில இருக்கிற கீயை வச்சே ஒரு புது சிஎஸ்ஆர் போட்டு சர்ட்டை ரீஇஷ்யூ பண்ணச் சொல்லுங்க, பெரும்பாலும் அதுக்கு காசு வாங்க மாட்டாங்க. கீயை வாட்ஸ்அப்ல அனுப்பி "இது ஒட்டுதா பாருங்கண்ணே"ன்னு கேக்காதீங்க, அப்படி அனுப்புன நிமிஷமே அந்தக் கீ செத்துப்போச்சுன்னு அர்த்தம், வேற கீ போட்டு பழைய சர்ட்டை ரிவோக் (ரத்து) பண்ணணும். ஹேஷை மட்டும் அனுப்புங்க, அதுல ஒண்ணும் போயிடாது.

ரெண்டு ஹேஷும் ஒண்ணுதான், ஆனாலும் சர்வர் ஒத்துக்க மாட்டேங்குது

இதுதான் பெரிய ஆள் முழுங்கி. பழைய கைடு எல்லாத்துலயும் ஒரு வழி இருக்கும்: சர்ட்டுலேர்ந்து மாடுலஸ் (ஆர்எஸ்ஏ கீக்குள்ள இருக்கிற பெரிய எண்) எடு, கீலேர்ந்து மாடுலஸ் எடு, ரெண்டையும் எம்டி5ங்கிற பழைய ஹேஷ்ல போடு. ஆர்எஸ்ஏ கீக்கு அது சரி. ஆனா இப்ப வர்ற கீ நெறைய எலிப்டிக் கர்வ் (ஈசி) கீ, சர்ட்டை தானா வாங்கித் தர்ற செர்ட்பாட்ங்கிற டூல் 2.0லேர்ந்து சும்மா விட்டா அதுவா உருவாக்குறதே ஈசிடிஎஸ்ஏ கீதான். அந்தக் கீல மாடுலஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அப்ப என்ன ஆகும்? கீ ஃபைலைப் படிக்கிற கமாண்டு எர்ரர் குடுத்துட்டு ஒண்ணும் இல்லாத வெத்து அவுட்புட்டை பைப்புல தள்ளும், எர்ரர் மெசேஜை ஸ்கிரிப்ட்ல அடக்கி வச்சிருப்பீங்க, எம்டி5 அந்த வெறுமையை பயபக்தியா ஹேஷ் பண்ணி ஒரு நம்பர் குடுக்கும். அடுத்த கீ ஃபைலுக்கும் அதே வெறுமை, அதே நம்பர். சம்பந்தமே இல்லாத ரெண்டு கீ, ஸ்கிரிப்ட் மட்டும் பச்சைக் கலர்ல மேட்ச்னு காட்டும்.

வெறுமைக்கு வர்ற ஹேஷை மனப்பாடம் பண்ணி வச்சுக்கங்க. எம்டி5ன்னா டி41டி8சிடி98எஃப்00ன்னு ஆரம்பிக்கும், ஷா256ன்னா இ3பி0சி442ன்னு ஆரம்பிக்கும், அதையே பேஸ்64ங்கிற எழுத்து முறைல பாத்தா 47டிஇக்யூன்னு ஆரம்பிக்கும். இதுல ஒண்ணைப் பாத்தா நீங்க ஹேஷ் பண்ணது காத்தைன்னு அர்த்தம். ஃபைல் பேரை தப்பா அடிச்சாலும் இதேதான் வரும், பாஸ்வேர்ட் போட்ட கீக்கு பாஸ்வேர்டை தப்பா குடுத்தாலும் இதேதான்.

மாடுலஸ் வழியை இனிமே விட்டுடுங்க, மேல சொன்ன பப்கீ வழி ஆர்எஸ்ஏ, ஈசி, எட்25519 எல்லாத்துக்கும் ஒண்ணா வேலை செய்யும்.

இன்னொரு வகையும் இருக்கு, அபூர்வம்தான். ஆர்எஸ்ஏ கீ ஃபைல்ல பப்ளிக் பாகம் சரியா இருந்து ரகசியப் பாகம் கெட்டுப்போயிருக்கலாம், அப்ப மாடுலஸ் அழகா ஒட்டும், ஆனா கையெழுத்துப் போட வராது. 2017ல ஹானோ பாக்ங்கிற ஜெர்மன்காரர் இதையே வேணும்னு செஞ்சு காட்டுனார், ஒரு சர்ட்டோட பப்ளிக் எண்களை வச்சு ஒரு போலி பிரைவேட் கீ ஃபைல் தயாரிச்சு, இந்தக் கீ வெளில கசிஞ்சு போச்சுன்னு சான்றிதழ் குடுக்கிற நிறுவனத்துக்கு சொல்ல, அவங்களும் மேலோட்டமா பாத்துட்டு நல்லா இருந்த சர்ட்டை ரிவோக் பண்ணிட்டாங்க. அதனால சந்தேகம் வந்தா ஓபன்எஸ்எஸ்எல் பிகீ -செக் போடுங்க, அதைவிட உறுதியா வேணும்னா ஏதாவது ஒரு ஃபைலை பிரைவேட் கீயால சைன் பண்ணி, சர்ட்டுலேர்ந்து எடுத்த பப்ளிக் கீயால வெரிஃபை பண்ணிப் பாருங்க. நகையை உரசிப் பாக்கிற மாதிரி, அதுக்கு மேல சோதனை கிடையாது.

ஒரே கீதான்னு சத்தியமா தெரியும், ஹேஷ் மட்டும் மாறி மாறி வருது

பெம் ஃபைலை அப்படியே ஷா256 பண்ணியிருப்பீங்க. பெம்ங்கிறது டெக்ஸ்ட், விண்டோஸ்ல ஏதாவது எடிட்டர்ல தொறந்து சேவ் பண்ணா வரிக் கடைசி மாறிடலாம், ஒரு வெத்து வரி சேரலாம், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஹேஷ் தலைகீழா மாறிடும். டெர்ல மாத்திட்டு எடுத்தா இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது, ஃபைலோட முதல் வரியப் பாருங்க. பிகின் பப்ளிக் கீன்னு இருந்தா எஸ்பிகேஐ, பிகின் ஆர்எஸ்ஏ பப்ளிக் கீன்னு இருந்தா அது பிகேசிஎஸ்1ங்கிற பழைய பொட்டலம், அல்காரிதம் பேரு அதுல இருக்காது. உள்ள இருக்கிற கீ ஒண்ணுதான், பொட்டலம் வேற, ஹேஷும் வேற. ஈசி கீலயும் இப்படி உண்டு, புள்ளியை முழுசா எழுதலாம், சுருக்கியும் எழுதலாம், ஜாவா ஒரு மாதிரியும் வேற லைப்ரரி ஒரு மாதிரியும் எழுதினா ஹேஷ் ஒட்டாது.

அப்புறம் நீளத்தை எண்ணிப் பாருங்க. ஷா256ங்கிறது 32 பைட், ஹெக்ஸ்ல எழுதினா 64 எழுத்து, பேஸ்64ல எழுதினா கடைசில சமக்குறியோட 44 எழுத்து. ஒருத்தர் ஹெக்ஸும் இன்னொருத்தர் பேஸ்64ம் வச்சுகிட்டு போன்ல சண்டை போட்டதை நான் கூட இருந்து கேட்டிருக்கேன். 88 எழுத்து வந்துச்சுன்னா ஹெக்ஸ் டெக்ஸ்டையே தூக்கி பேஸ்64ல போட்டுட்டீங்க, டிஜிஎஸ்டிக்கு -பைனரி போட்டுட்டு அதுக்கப்புறம் பேஸ்64க்கு போங்க.

ஸ்கிரிப்ட்ல ஒப்பிடுறவங்களுக்கு ஒண்ணு: ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 ஹேஷுக்கு முன்னாடி எஸ்டிடின்ங்கிற பேரை அடைப்புக்குறில போடும், 3.0 அதுக்கும் முன்னாடி ஷா2-256ன்னு சேத்துப் போடும். ரெண்டு மெஷின்லேர்ந்து எடுத்த வரியை முழுசா ஒப்பிட்டா ஒருக்காலும் ஒட்டாது, ஹேஷ் பாகத்தை மட்டும் வெட்டி எடுங்க.

ரினீவல் ஆனதும் ஃபிங்கர்பிரின்ட் மாறிடுச்சு, யாரோ ஹேக் பண்ணிட்டாங்களா

இல்ல. ஃபிங்கர்பிரின்ட்டுங்கிறது முழு ரசீதோட ஹேஷ். தேதி ஒண்ணு மாறினாலே மாறிடும். கீ மாறிச்சான்னு தெரிய எஸ்பிகேஐ ஹேஷைப் பாருங்க. இதுக்கு நல்ல உதாரணம், இலவசமா சர்ட் குடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட்டோட ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1. ஒரே கீக்கு ரெண்டு சர்ட் இருந்துச்சு, ஒண்ணு தானே கையெழுத்துப் போட்டுக்கிட்டது, இன்னொண்ணு டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3ங்கிற வேற ஒரு ரூட் போட்டுக் குடுத்தது. ஃபிங்கர்பிரின்ட் வேற வேற, பப்ளிக் கீ ஹேஷ் ஒண்ணு. 2021 செப்டம்பர் 30 அன்னைக்கு அந்த எக்ஸ்3 காலாவதி ஆனப்ப பழைய சாஃப்ட்வேர்ல எல்லாம் சைட் தொறக்காமப் போச்சே, அப்ப ரெண்டு சர்ட்டையும் கலந்து குழப்பிக்கிட்டவங்க நெறைய.

சர்ட்டுக்குள்ள இருக்கிற சப்ஜெக்ட் கீ ஐடென்டிஃபையர் நான் எடுத்த ஹேஷோட ஒட்டல

ஒட்டாது, விட்டுடுங்க. வழக்கமா அது ஷா1, 20 பைட், அதுவும் முழு எஸ்பிகேஐயை இல்ல, உள்ள இருக்கிற கீ பிட்டை மட்டும் ஹேஷ் பண்ணது. செயின்ல (யார் சர்ட்டுக்கு யார் கையெழுத்துங்கிற வரிசை) யாருக்கு மேல யாருன்னு கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான். சோதனைக்கு அதை நம்பாதீங்க.

ஃபைல் எல்லாம் சரி, வெளிலேர்ந்து பாத்தா வேற கீ

சர்வர்கிட்ட நேராக் கேளுங்க: ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட், -கனெக்ட் போட்டு டொமைனும் 443ம், -சர்வர்நேம் போட்டு மறுபடி டொமைன், வர்றதை எக்ஸ்509க்கு தள்ளி அதே ஹேஷ். பழைய ஓபன்எஸ்எஸ்எல்ல சர்வர்நேமை சொல்லாம கேட்டா ஒரே ஐபில பத்து சைட் இருக்கிற இடத்துல வேற சைட்டோட சர்ட்டைக் கூட குடுத்துடும்.

பழைய சர்ட்டே வந்தா ரீலோட் பண்ண மறந்திருப்பீங்க. முன்னாடி சிடிஎன் (நம்ம சர்வருக்கு முன்னால நின்னு சைட்டைக் காட்டுற சர்வீஸ்) இருந்தா அவன் சர்ட்டுதான் தெரியும், நம்மோடது இல்ல. ஒரு தடவை ஒண்ணு, மறு தடவை வேறன்னு வந்தா சர்வர்ல ஆர்எஸ்ஏ ஒண்ணு ஈசி ஒண்ணுன்னு ரெண்டு சர்ட் போட்டிருக்கான்னு பாருங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு ஹேஷ், போன் ஹாட்ஸ்பாட்ல வேற ஹேஷ்னு வந்தா ஆபீஸ்ல ஏதோ ஆன்டிவைரஸோ ஃபயர்வாலோ நடுவுல உக்காந்து தன் சர்ட்டைக் குடுக்குது. ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ரெண்டு டிகிரி காபி காலி.

சர்ட்டும் கீயும் ஒண்ணா இருக்கிற பிஎஃப்எக்ஸ் ஃபைல்னா பிகேசிஎஸ்12 கமாண்டால சர்ட்டையும் கீயையும் தனித்தனியாப் பிரிச்சுட்டு ஹேஷ் எடுங்க, ஓபன்எஸ்எஸ்எல் 3ல பழைய பிஎஃப்எக்ஸுக்கு அன்சப்போர்ட்டட்னு வந்தா -லெகசி போடுங்க. டெண்டர், ஜிஎஸ்டிக்கு வச்சிருக்கிற டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன்ல பிரைவேட் கீ வெளியவே வராது, அதனால டோக்கன்லேர்ந்து சர்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணி போர்ட்டல்ல பதிஞ்சிருக்கிறதோட பாருங்க. புது டோக்கன் வாங்கினா புது கீ, போர்ட்டல்ல மறுபடி பதியணும். பழைய பப்ளிக் கீயால பூட்டுனது எதாவது இருந்தா பழைய டோக்கனை தூக்கிப் போடாதீங்க, புதுசால அது தொறக்காது.

சைட் பிரவுசர்ல தொறக்குது, ஆப் மட்டும் செத்துப்போச்சு

இதுதான் மில்லு கதை. பிரவுசருக்கு டொமைன் பேரும் தேதியும் செயினும் சரியா இருந்தா போதும். ஆப்ல எழுதினவர் பின்னிங் போட்டிருந்தார், அதாவது சர்வரோட எஸ்பிகேஐ ஹேஷை பேஸ்64ல ஆப்புக்குள்ளயே எழுதி வச்சு, அது வந்தாத்தான் பேசுவேன்னு. பிரவுசர்ல இதே மாதிரி ஹெச்பிகேபின்னு ஒண்ணு இருந்துச்சு, 2015ல ஆர்எஃப்சி 7469ஆ வந்துச்சு, ஆளாளுக்கு தன் சைட்டை தானே பூட்டிக்கிட்டு நின்னதுல குரோமும் ஃபயர்பாக்ஸும் தூக்கிட்டாங்க. ஆப்ல இன்னும் உயிரோட இருக்கு.

அன்னைக்கு ராத்திரி செர்ட்பாட் ரினீவ் பண்ணியிருக்கு. சும்மா விட்டா அது ஒவ்வொரு ரினீவலுக்கும் புது கீ போடும், ரசீதோட சேத்து சங்கிலியையும் மாத்தின கதை. நான் என்ன பண்ணேன்னா சர்ட்டோட ஃபிங்கர்பிரின்ட்டை ஹெக்ஸ்ல எடுத்து ஆப்ல இருந்த பேஸ்64 பின்னோட வச்சுப் பாத்துட்டு, ஒட்டல ஒட்டலன்னு பழைய சர்ட்டைப் போட்டு அதையும் பாத்து, அதுவும் ஒட்டலன்னதும் ஆப் எழுதினவர் மேல பழியைப் போட்டுட்டேன். பழைய சர்ட்டோட எஸ்பிகேஐயை பேஸ்64ல எடுத்தப்பதான் 44 எழுத்தும் அச்சா ஒட்டுச்சு.

சரி பண்ணது இப்படி. செர்ட்பாட்டோட ஆர்கைவ் ஃபோல்டர்ல பழைய கீ நம்பர் போட்டு பத்திரமா இருக்கும், உடனே அழிக்காது. அந்தப் பழைய கீயை வச்சு ஒரு சிஎஸ்ஆர் போட்டு, செர்ட்பாட்ல செர்ட்ஒன்லி --சிஎஸ்ஆர் வழியா புது சர்ட் வாங்கி என்ஜின்எக்ஸ்ல மாட்டி ரீலோட். ஆப்பை யாரும் அப்டேட் பண்ண வேண்டியதில்ல, எட்டரைக்கு முதல் மூட்டை ஏறிடுச்சு. இந்த வழில வாங்கின சர்ட்டு தானா ரினீவ் ஆகாது, 90 நாள்தான், அதனால மில்லு காலண்டர்லயே சிவப்பு மையால எழுதி வச்சேன்.

மாசிக்குள்ள ஆப்பை மாத்தச் சொல்லி, இப்ப இருக்கிற கீக்கு ஒரு பின், சர்வர்லயே இல்லாம பென்டிரைவ்ல பூட்டி வச்சிருக்கிற இன்னொரு கீக்கு ஒரு பின்னுன்னு ரெண்டு போட்டாச்சு. ஆண்ட்ராய்டோட நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக்ல எக்ஸ்பைரேஷன்னு தேதியும் போடலாம், அந்தத் தேதிக்கு மேல பின் பாக்காது, ஆப் சாகாது, ஆனா பாதுகாப்பும் அதோட போச்சு, எது முக்கியம்னு மில்லுக்காரரையே கேட்டேன், "அறுப்பு நேரத்துல சாகக்கூடாது தம்பி"ன்னார், போட்டாச்சு. செர்ட்பாட்ல --ரீயூஸ்-கீயும் போட்டுட்டேன், ரசீது மட்டும் மாறும், சங்கிலி அதே. இனிமே இது இன்னும் அடிக்கடி இடிக்கும், ஏன்னா சர்ட்டோட அதிகபட்ச ஆயுசு 2026 மார்ச் 15லேர்ந்து 200 நாள், 2027 மார்ச் 15லேர்ந்து 100, 2029 மார்ச் 15லேர்ந்து 47 நாள்னு சுருக்குறாங்க. பின் போட்ட ஆப் உங்ககிட்ட எதுவும் இருந்தா இன்னைக்கே சர்வரோட எஸ்பிகேஐ ஹேஷை எடுத்து ஆப்ல இருக்கிறதோட ஒரு தடவை வச்சுப் பாத்துடுங்க, பேஸ்64ல.